அரை டம்ளர் டீ

திருச்சி துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர் வேலை எனக்கு. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. டிக் வெல்டிங்தான் என் கைத்தொழில். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் ஃபில்லர் கம்பி, நடுவே உருகி நிற்கிற ஒரு பொட்டு. கை கொஞ்சம் ஆடினாலும் டங்ஸ்டன் முனை அந்தப் பொட்டைத் தொட்டுவிடும். அப்புறம் அந்த இடத்தை கிரைண்டரில் அறுத்தெடுத்து மறுபடி போட வேண்டும். 2016 வாக்கில் காலை நேரத்தில் என் கை ஆட ஆரம்பித்தது. ஒரு கட்டிங் உள்ளே போனால் நின்றுவிடும். வேலை பார்ப்பதற்காகத்தான் குடிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால், முந்தின ராத்திரியே ஒரு குவார்ட்டரை வாங்கிப் பழைய துணியில் சுற்றி டூல் பெட்டிக்குள் வைத்துக்கொள்கிற பழக்கம் வந்தது.

இதில் என் பெயரைப் போடவில்லை. எங்கள் தெருவில் எல்லாருக்கும் என் கதை தெரியும், மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் நான் போகிற கூட்டத்தில், அதாவது குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் (சுருக்கமாக ஏ.ஏ.), ஒரு வழக்கம் உண்டு. பத்திரிகை, டிவி என்று வெளியே பேசும்போது உறுப்பினர் தன் பெயரையும் முகத்தையும் காட்டுவதில்லை. அதை மதிக்கிறேன்.

முதலில் மாலை போட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். வருடா வருடம் கார்த்திகை ஒன்றாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போடுவேன். ஒரு மண்டலம், 48 நாள், ஒரு சொட்டு தொட மாட்டேன். வீட்டில் எல்லாருக்கும் அந்த 48 நாள்தான் தீபாவளி. பெரியவள் காலண்டரில் கார்த்திகை ஒன்றைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைப்பாள். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றின அன்றைக்குச் சாயங்காலமே கடை வாசலில் நிற்பேன். யாராவது “உனக்குக் குடி முத்திப்போச்சுடா” என்றால், “நாப்பத்தெட்டு நாள் இருக்க முடியுதே, அப்புறம் நான் எப்படிக் குடிகாரன்?” என்று கேட்பேன். கேட்டவர் வாயடைத்துப் போவார். கோயிலில் கயிறு கட்டியிருக்கிறேன், மூன்று தடவை. அம்மா தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். ஒன்றும் பொய்யாகச் செய்யவில்லை. அந்த நிமிடத்தில் மனசார நிறுத்தத்தான் நினைத்தேன், நிறுத்தவும் செய்தேன். நிறுத்தின பிறகு விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை வரும். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்ன செய்வது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

2018 கார்த்திகையில் மாலை போட்டபோது நாளைக்கு மூன்று குவார்ட்டர் வரை போயிருந்தது. அதை ஒரே நாளில் நிறுத்தினேன். முதல் ராத்திரி தூக்கமே இல்லை. சட்டை பிழிகிற மாதிரி வேர்வை. இரண்டாம் ராத்திரி சரணம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பூஜை அலமாரிக்கு முன்னால் விழுந்துவிட்டேன். வலிப்பு. விரதத்தில் ஏதோ தப்பு செய்துவிட்டேன், சாமி குத்தம் என்று அக்கம்பக்கத்தில் பேசியிருக்கிறார்கள். நல்லவேளை, என் மனைவி 108-ஐக் கூப்பிட்டாள். அரசு மருத்துவமனை வார்டில் மூன்றாம் நாள் முழுக்க, போர்வை மேல் எறும்பு ஊர்கிறது என்று தட்டிவிட்டுக்கொண்டே இருந்தேனாம். எறும்பே இல்லை.

அங்கே டாக்டரம்மா என் மனைவியிடம் சொன்னதை இதைப் படிக்கிற ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். தினமும் நிறையக் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். சாராயம் மூளையை அமுக்கிக்கொண்டே இருக்கும். மூளையும் அதை எதிர்த்து வேகத்தைக் கூட்டி ஓடப் பழகிவிடும். ஒருநாள் திடீரென்று அமுக்கம் விலகினால் அந்த வேகம் மட்டும் நிற்கிறது. நடுக்கம், வேர்வை, வலிப்பு எல்லாம் அதனால் வருபவை. வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இல்லாததைப் பார்ப்பது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் வரும். டாக்டர் மேற்பார்வையில் ஒரு வாரம் போல மாத்திரையைக் குறைத்துக் குறைத்துக் கொடுப்பார்கள், தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். அந்த ஒரு வாரத்தை ஆஸ்பத்திரியில் கழித்துவிட்டு வருவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

ஆக, கூட்டம் தேடுவதற்கு முன்னால் டாக்டர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கும், அங்கே போனால் போதும். 2017 மனநலச் சட்டத்தில் குடியால் வரும் மனநலக் கோளாறும் நோய்க் கணக்கில்தான் வருகிறது. அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை கேட்பது நம் உரிமை. எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்று பெயர், 2022-இல் தொடங்கினார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்று ஒரு எண்ணும் உண்டு.

இன்னும் இரண்டு விஷயம். என் மைத்துனர், குடியை நிறுத்தும் என்று யாரோ விற்ற பொடியை வாங்கிவந்து எனக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்துவிடச் சொன்னார். மனைவி மறுத்துவிட்டாள். அந்த மாதிரிப் பொடிகளில் சிலவற்றில் டைசல்ஃபிராம் இருக்கக்கூடும். அது டாக்டர்கள் கொடுக்கிற நல்ல மருந்துதான். ஆனால் அதைச் சாப்பிடுகிறோம் என்று தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து. தெரியாமல் உள்ளே போய், அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் போய்விடலாம். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

இரண்டாவது, பூட்டி வைக்கிற இடங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பொங்கலுக்கே மறுபடி ஆரம்பித்துவிட்டேன். 2019 ஏப்ரலில் சொந்தக்காரர்கள் சேர்ந்து வேற்று மாவட்டத்தில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்று மாதம். டாக்டர் என்று ஒருவர் வந்து நான் பார்க்கவில்லை. எதிர்த்துப் பேசினால் அடி. வெளியே வந்த நான்காம் நாள் குடித்தேன். எல்லா இல்லமும் அப்படி என்று சொல்ல மாட்டேன். எங்கள் கூட்டத்திலேயே நல்ல இடத்தில் தேறி வந்தவர்கள் பலர். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மையத்தைப் பற்றி, அங்கே போய்வந்தவர்கள் கண்ணில் நீர் வரப் பேசுவார்கள். ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருவார், வீட்டார் எப்போது பார்க்கலாம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதிலில் இழுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கூட்டத்தைக் கண்டுபிடித்தது இப்படித்தான். ஆஸ்பத்திரி வார்டில் இருந்த நர்ஸ் அக்கா ஒரு துண்டுச் சீட்டில் “ஏ.ஏ.” என்று எழுதி, கீழே ஒரு போன் நம்பரும் எழுதித் தந்திருந்தார். அது பர்ஸிலேயே எட்டு மாதம் கிடந்தது. ஒருநாள் டீக்கடையில் பேப்பரைப் புரட்டும்போது ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில், ஒரு கும்பாபிஷேகத்துக்கும் ஒரு சொற்பொழிவுக்கும் நடுவில், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம், மாலை 7 மணி என்று போட்டிருந்தது. இடம், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருக்கிற ஒரு சர்ச் வளாகத்துப் பள்ளிக்கூடம். அந்தக் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு நான் எத்தனையோ தடவை குடித்திருக்கிறேன். உள்ளே அவர்கள் அந்த நேரத்தில் கூடியிருந்திருக்கிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது, மைக் கிடையாது. அதனால் தேடினால்தான் கிடைக்கும். உள்ளூர்ப் பத்திரிகையின் அந்தப் பகுதி, அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு, சர்ச் அலுவலகம், இந்த மூன்றில் ஒன்றில் கேட்டால் பெரும்பாலும் தடம் கிடைத்துவிடும். கூட்டம் சர்ச்சில் நடக்கிறது என்பதற்காக அது கிறிஸ்தவக் கூட்டம் என்று நினைக்க வேண்டாம். வாடகை குறைவாகவோ இல்லாமலோ இடம் தருகிறவர்கள் அவர்கள், அவ்வளவுதான்.

சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை, கட் பண்ணிவிட்டேன். இரண்டே நிமிடத்தில் அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வந்தது. “தம்பி, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நான் என் கதையச் சொல்றேன், கேளுங்க. நடுவுல வைக்கணும்னு தோணுச்சுன்னா வச்சிருங்க.” இருபது நிமிடம் பேசினார். கோயில் உண்டியலில் கைவைத்ததைச் சொன்னார். மகள் கல்யாணத்தன்று மண்டபத்துப் பின்பக்கம் விழுந்து கிடந்ததைச் சொன்னார். யாரிடமும் சொல்லக் கூடாததை முகம் தெரியாத ஒருவனிடம் இவர் ஏன் சொல்கிறார் என்று ஆச்சரியமாக இருந்தது. “சனிக்கிழமை வாங்க” என்று ஒரே வார்த்தைதான் கடைசியில் கேட்டார்.

இரண்டு சனிக்கிழமை கேட் வரை போய்த் திரும்பினேன். உள்ளே தெரிந்தவர் யாராவது இருந்துவிட்டால் என்கிற பயம். மூன்றாவது சனிக்கிழமை, அது 2019 ஆகஸ்ட், கேட்டருகே வண்டியை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் உள்ளேயிருந்து வந்து, “தம்பி, நாலு பெஞ்சை இழுத்துப் போடணும், ஒரு கை குடுங்களேன்” என்றார். வண்டியை அணைத்தேன். பெஞ்சை இழுத்துப் போட்டு முடிக்கும்போது நான் கூட்டத்துக்குள் இருந்தேன். போனில் பேசினவர் அவர்தான் என்பது குரலில் தெரிந்தது. உள்ளே தெரிந்தவரும் ஒருவர் இருந்தார், எங்கள் பட்டறைக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற டிரைவர். அவர் என்னைப் பார்த்தார், சிரித்தார், பக்கத்தில் இடம் விட்டார். நான் பயந்ததெல்லாம் அதற்குத்தான். அவரும் அதே பயத்தோடுதான் ஒருநாள் இதே கேட்டில் நின்றிருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது.

ஐந்தாம் வகுப்பு அறை. கரும்பலகையில் வாய்ப்பாடு அழிக்காமல் இருந்தது. ஆணியில், குடியை விட ஏ.ஏ. சொல்கிற பன்னிரண்டு படிகள் அச்சடித்த துணி. பதினாலு பேர். ஒருவர் ஒரு தாளைப் படித்தார்: உறுப்பினராக, குடியை விட வேண்டும் என்கிற விருப்பம் ஒன்றே போதும், கட்டணம் இல்லை. அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று சொல்லிப் பேசினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை, கேள்வி கேட்பதில்லை. வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் எல்லாரும் என்னைப் பற்றிப் பேசி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கே ஒவ்வொருவரும் அவரவரைப் பற்றியே பேசினார்கள், ஆனால் டூல் பெட்டிக்குள் துணி சுற்றிய பாட்டிலை யாரோ பார்த்துவிட்ட மாதிரி எனக்கு இருந்தது. என் முறை வந்தபோது பெயரை மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். “வணக்கம்” என்று பதினாலு பேரும் சொன்னார்கள். யாரும் வற்புறுத்தவில்லை.

பாதியில் டீ வந்தது. பெரியவர்தான் கெட்டிலிலிருந்து ஊற்றினார். எல்லாருக்கும் டம்ளர் நிறைய ஊற்றியவர் எனக்கு மட்டும் அரை டம்ளர் ஊற்றிவிட்டு நகர்ந்தார். புது ஆள் என்பதால் குறைக்கிறாரோ என்று ஒரு நொடி சுருக்கென்றது. டம்ளரைக் கையில் எடுத்த பிறகுதான் புரிந்தது. என் கை ஆடின ஆட்டத்துக்கு முழு டம்ளராக இருந்திருந்தால் பாதி சட்டையில் கொட்டியிருக்கும், எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அரை டம்ளரில் விளிம்பு வரை அலையடித்தது, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. குடித்து முடித்ததும் வந்து இன்னொரு அரை ஊற்றினார். என் கையை அவர் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு ஒருநாள் அவர் இந்தக் கூட்டம் தொடங்கின கதையைச் சொன்னார். 1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் என்கிற ஊர். பில் வில்சன் என்கிற பங்குச்சந்தைக்காரர் வியாபாரம் ஒன்று கைவிட்டுப் போன நிலையில் ஒரு ஹோட்டலில் நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்தில் பாரின் சத்தம் கேட்கிறது. அவர் பாருக்குப் போகாமல் அங்கிருந்த போனை எடுத்து, ஊரிலிருக்கும் பாதிரியார்களைக் கூப்பிட்டு, தான் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்கிறார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அவர் அறுவை சிகிச்சை செய்கிறவர், கை நடுங்குகிற அறுவை சிகிச்சை டாக்டர். அவர் கடைசியாகக் குடித்தது ஓர் ஆபரேஷனுக்கு முன்னால் கை நிற்பதற்காக பில் கொடுத்த ஒரு பீர் என்கிறார்கள். 1935 ஜூன் 10. அந்தத் தேதியைத்தான் ஏ.ஏ.வின் பிறந்தநாளாக வைத்திருக்கிறார்கள். இந்தியாவுக்கு, டெல்லிக்கு, 1957-இல் வந்தது. கதையைக் கேட்டுவிட்டு ராத்திரி முழுக்க அந்த டாக்டரின் கையையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. பில் போன் போட்டது பாப்பைக் காப்பாற்ற இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. எங்கள் பெரியவர் இருபது நிமிடம் என்னிடம் பேசினதும் அதற்காகத்தான் என்பதை, பின்னால் நானே ஒருவனிடம் போனில் பேசினபோது தெரிந்துகொண்டேன். பேசி முடித்த அன்று எனக்குக் குடிக்கத் தோன்றவில்லை.

சேர்ந்த இரண்டாம் மாதம் வழுக்கினேன். கூட்டத்தில் அதை ஸ்லிப் என்போம். ஆயுத பூஜை. பட்டறையில் மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து முடிந்ததும், பின்பக்க ஷெட்டில் வழக்கமான ஏற்பாடு. “இன்னைக்கு ஒரு நாள்டா” என்றார்கள். மறுநாள் காலையில் டூல் பெட்டிக்குள் மறுபடியும் பழைய துணி. அந்தச் சனிக்கிழமை போவதா வேண்டாமா என்று நாலு நாள் புழுங்கினேன். போனேன், வாசலிலேயே பெரியவரிடம் சொல்லிவிட்டேன். “சரி. டீ போட ஆள் இல்ல, பால் வாங்கிட்டு வாங்க” என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து கூட்டத்துக்கு டீ போடுவது என் வேலை. குடிக்கத் தோன்றுகிற சனிக்கிழமைகளில்கூட, பால் வாங்க வேண்டுமே என்று கிளம்பிவிடுவேன். புதிதாக வருகிறவர்கள் முதல் மாதமே ஒரு சின்ன வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெஞ்சு இழுப்பது, டம்ளர் கழுவுவது, கடைசியில் ஃபேன் சுவிட்சை அணைப்பது, எதுவானாலும் சரி.

அந்த ஸ்லிப்பிலிருந்து கற்றுக்கொண்டதைப் பெரியவர் எனக்குப் பிரித்துப் பிரித்துச் சொன்னார். அவர்தான் என் ஸ்பான்சர், அதாவது தினமும் போன் செய்து பேசுவதற்கென்று நாமே கேட்டு வைத்துக்கொள்கிற மூத்த உறுப்பினர். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கில் எது இருந்தாலும் உஷார் என்பார். ஆயுத பூஜை அன்று காலையிலிருந்து வெறும் பொரிதான் சாப்பிட்டிருந்தேன், முந்தின ராத்திரி ஓவர்டைம், சூப்பர்வைசரோடு சண்டை வேறு. நான்கில் மூன்று. இப்போது கெடா வெட்டு, கல்யாணம், துக்க வீடு எதுவானாலும் போகிற முன்னால் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன், என் வண்டியிலேயே போகிறேன், போகும்போது ஒரு போன், வந்ததும் ஒரு போன். முதல் வருடம் சில விசேஷங்களுக்குப் போகவே இல்லை. பங்காளிகள் கோபித்துக்கொண்டார்கள். கோபம் ஆறிவிட்டது.

கொரோனா வந்தபோது நான் குடிக்காமல் ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கடையும் மூடியது, கூட்டமும் நின்றது. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஏழு பேர் கான்ஃபரன்ஸ் காலில் பேசினோம். 2020 மே 7-ஆம் தேதி கடைகளைத் திறந்தபோது அன்றைக்கு மட்டும் காலை, மதியம், ராத்திரி என்று மூன்று தடவை பேசினோம். கேஸ் சிலிண்டர் டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, “எதிர்ல க்யூ அரைக் கிலோமீட்டர் நிக்குது, பேசிக்கிட்டே இருங்க” என்றார். பேசிக்கொண்டே இருந்தோம். அவர் வண்டியைக் கிளப்பிப் போகிற சத்தம் கேட்கும் வரை.

சாமி கும்பிடாதவர்களுக்கு இந்த இடம் ஒத்துவருமா என்று கேட்கிறார்கள். பன்னிரண்டு படிகளில் நமக்கு மேலான ஒரு சக்தி என்ற பேச்சு வரத்தான் செய்கிறது, முடிவில் பிரார்த்தனையும் உண்டு. எங்கள் கூட்டத்தில் முப்பது வருடமாகக் கறுப்புச் சட்டை போடுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். பிரார்த்தனையின்போது எழுந்து நிற்பார், வாயசைக்க மாட்டார். “என்னைவிட இந்தப் பதினாலு பேருக்குப் பலம் ஜாஸ்தி. எனக்கு அது போதும்” என்பார். பதினொரு வருடமாகக் குடிக்காமல் இருக்கிறார். யாரும் அவரை எதுவும் சொன்னதில்லை.

எனக்கு ஒத்துக்கொள்ள முடியாததும் ஒன்று உண்டு. எப்போதாவது ஒரு மூத்த உறுப்பினர், “மாத்திரையும் போதைதான், நிறுத்திரு” என்று புதியவரிடம் சொல்லிவிடுவார். அது தப்பு. மனச்சோர்வுக்கோ வேறெதற்கோ டாக்டர் கொடுத்த மாத்திரையை டாக்டர்தான் நிறுத்த வேண்டும். கூட்டமும் டாக்டரும் எதிரெதிர் கட்சி இல்லை. என் டாக்டரம்மா, பத்தாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு ஒன்று, மருத்துவ ஆய்வுகளை அலசுகிற காக்ரேன் என்கிற அமைப்பிடமிருந்து 2020-இல் வந்ததாகவும், குடியை அடியோடு விடுகிற விஷயத்தில் இந்தக் கூட்டங்களும் அவற்றை ஒட்டிய சிகிச்சையும் மற்ற சிகிச்சைகளுக்குச் சளைத்ததில்லை, சிலவற்றைவிட மேல் என்று அதில் வந்திருப்பதாகவும் சொன்னார். அவரே இப்போது வார்டிலிருந்து ஆட்களை எங்களிடம் அனுப்புகிறார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லி வைக்கிறேன். முதல் கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஆறு தடவையாவது போங்கள். ஒரு குழு ஒட்டவில்லை என்றால் பக்கத்து ஊர்க் குழுவுக்குப் போங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. அன்று குடித்திருந்தாலும் போகலாம், கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டால் போதும். பை சுற்றி வரும்போது முடிந்தவர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள், புதியவர் போட வேண்டியதில்லை. மருந்து விற்றாலோ, சேர்க்கைக் கட்டணம் கேட்டாலோ அது ஏ.ஏ. இல்லை. உறுப்பினர்களிடம் கடன் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். திரும்பும்போது மூன்று பேர் நம்பராவது உங்கள் போனில் ஏறியிருக்க வேண்டும்.

பெண்களுக்கு இது இன்னும் கஷ்டம். எங்கள் கூட்டத்துக்கு இந்த ஆறேழு வருடத்தில் வந்த பெண்கள் மூன்றே பேர். ஒருவர்தான் தங்கினார். ஆண்கள் நிறைந்த அறையில், “நான் குடிக்கிறேன்” என்று ஒரு பெண் சொல்வதற்கு வேண்டிய தைரியத்தில் பத்தில் ஒரு பங்குகூட எனக்குத் தேவைப்படவில்லை. அவர் இப்போது வேறு ஊர்களில் இருக்கிற பெண்களோடு போனில் தனியாக ஒரு கூட்டம் நடத்துகிறார். பெண் உறுப்பினருக்குப் பெண்ணே ஸ்பான்சராக இருப்பதுதான் நல்லது.

என் மனைவி போவது அல்-அனான். குடிக்கிறவரின் குடும்பத்தாருக்கான கூட்டம், பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் தொடங்கியது. நான் ஏ.ஏ.வுக்குப் போவதற்கு முன்பே நர்ஸ் அக்கா சொல்லி இவள் போக ஆரம்பித்திருக்கிறாள், எனக்கே தெரியாது. முன்பெல்லாம் நான் வேலைக்குப் போகாத நாளில் சூப்பர்வைசருக்குப் போன் செய்து, “அவருக்குக் காய்ச்சல்” என்று சொல்வாள். ஒருநாள் போனை என் கையில் கொடுத்து, “நீங்களே சொல்லுங்க” என்றாள். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தப் போனில் நானே பொய் சொன்னேன், என் குரலையே நான் கேட்டேன். வீட்டில் குடிக்கிறவர் வர மறுக்கிறார் என்றால், காத்திருக்காமல் நீங்கள் முதலில் போங்கள் என்றுதான் குடும்பத்தாரிடம் சொல்கிறேன்.

பெரியவர் இரண்டு வருடம் முன்னால் இறந்துவிட்டார். இருபத்தாறு வருடம் குடிக்காமல் இருந்தவர். வீட்டில் கூடியிருந்த சொந்தக்காரர்களுக்கு, யாரென்றே தெரியாத முப்பது நாற்பது பேர் வரிசையாக வந்து காலைத் தொட்டுவிட்டுப் போவது ஏனென்று புரியவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அவர் மகள் மட்டும் எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கெட்டில் இப்போது என்னிடம் இருக்கிறது. போன சனிக்கிழமை ஒரு பையன் வந்தான், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஃபுட் டெலிவரி சட்டையோடு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். அவனுக்கு அரை டம்ளர் ஊற்றினேன். குடித்துவிட்டு, பிரார்த்தனைக்கு முன்னாலேயே எழுந்து போய்விட்டான். நம்பர் வாங்க முடியவில்லை. டம்ளரை மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தான். நாளைக்குச் சனிக்கிழமை, ஆறரைக்கே போய் கேட்டைத் திறந்து வைக்க வேண்டும்.